எப்போது திரும்பப் போகிறீர்கள்?



விடுமுறையில் ஊர் வந்திறங்கும் சகோதரரிடம் நம் மக்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. எப்போது வந்தீர்கள் என்பது முதலாவது. அதற்கு அவர் பதில் சொல்லி முடிக்குமுன்பே இரண்டாவது வந்துவிடும்: எப்போது போகிறீர்கள்? பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்யும்போதும் கேட்கிறோம். வலீமா விருந்தில் சஹனில் கை வைத்தபடியும் கேட்கிறோம். ஆறு மாதம் கடந்தும் ஒருவர் ஊரிலேயே நடமாடினால், விசா போயிற்றோ, வேலை போயிற்றோ என்று அவருடைய முதுகுக்குப் பின்னால் விசாரணை தொடங்குகிறது. தம் மனைவி மக்களோடு தம் வீட்டில் இருப்பதற்கு ஒரு மனிதர் காரணம் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்கியவர்கள் வேறு யாருமல்லர், நாம்தாம்.

பொருள் தேடிப் பயணம் போவதை மார்க்கம் தடுக்கவில்லை. அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரைக் குர்ஆன் (73:20) குறிப்பிட்டு, அவர்களுக்காகக் கடமையை இலகுவாக்குகிறது. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன பாட்டனார்களின் உழைப்பில்தான் நம் கரையோர ஊர்களின் பள்ளிகளும் மதரஸாக்களும் எழுந்தன. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடாவின் கதவு திறந்தது. அடுத்த தலைமுறை அங்கே போயிற்று. கடன் தீர்க்கவும், தகப்பனில்லாக் குடும்பத்தைத் தாங்கவும் போகிறவரை நாம் குறை சொல்லவில்லை; அவருக்காகத் துஆச் செய்கிறோம். நம் வழக்கு முதற் பயணத்தின் மீதல்ல, முடிவே இல்லாமல் நீளும் பயணத்தின் மீது.

தொழுகைச் சட்டத்தையே பாருங்கள். ஓரிடத்தில் நான்கு நாட்கள் தங்க எண்ணினால் ஷாஃபி மத்ஹபில் பயணச் சலுகை முடிந்துவிடுகிறது. ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்கள். தம்மாமிலோ தேராவிலோ இருக்கும் நம் சகோதரர் அங்கே கஸ்ருத் தொழுவதில்லை, முழுமையாகத்தான் தொழுகிறார். மார்க்கம் அவரைப் பயணி என்று சொல்வதைச் சில நாட்களிலேயே நிறுத்திவிட்டது. நாமோ இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவரைச் ‘சபராளி’ என்றே அழைக்கிறோம். அவருக்குச் சபர், அவருடைய மனைவிக்குச் சபூர் என்று பங்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

அந்தச் சபூரைப் பற்றித்தான் பேச வேண்டும். உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, கணவன் போருக்குச் சென்ற ஒரு பெண் தன் தனிமையைச் சொல்லிப் புலம்பியது அவர்கள் காதில் விழுந்தது. ‘பொறுமையாய் இரு’ என்று அவளுக்கு உபதேசிக்க அவர்கள் போகவில்லை. தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் தாங்குவாள் என்று கேட்டார்கள். கிடைத்த பதில் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அதன்பின் படைவீரர்களுக்குக் காலக்கெடு விதித்தார்கள்: போக ஒரு மாதம், தங்க நான்கு மாதம், திரும்ப ஒரு மாதம். இதைக் கொண்டே ஹன்பலி அறிஞர்கள், தக்க காரணமின்றிக் கணவன் ஆறு மாதத்துக்கு மேல் பிரிந்திருந்தால் திரும்பி வரும்படி கேட்க மனைவிக்கு உரிமை உண்டு என்றார்கள். எல்லை காக்கும் படைக்கே ஆறு மாதம்! பேரங்காடியில் பொருள் அடுக்கும் வேலைக்கு நாம் ஈராண்டு என்கிறோம். அதையும் மார்க்கமே விதித்ததுபோல் ஏற்றுக்கொண்டோம்.

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உண்டு. சில இளைஞர்கள் மார்க்கம் கற்க நபி (ஸல்) அவர்களிடம் வந்து இருபது இரவுகள் தங்கினார்கள். அவர்கள் வீட்டு நினைவாக இருப்பதை உணர்ந்த நபியவர்கள், யார் யாரை விட்டுவந்தீர்கள் என்று விசாரித்து, குடும்பத்தாரிடம் திரும்புங்கள், அவர்களோடு தங்கி அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். நபியவர்களின் சமூகத்தில் இருப்பதைவிட மேலான சம்பாத்தியம் எது? அதற்கே இருபது இரவுகள் போதுமென்றாகிவிட்டது.

நம் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஈராண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை என்று 24 ஆண்டுகள் உழைத்தவருக்குக் கிடைப்பவை 12 விடுமுறைகள், அதாவது 24 மாதங்கள். வெள்ளிவிழாவை நெருங்கும் அந்தத் தம்பதியர் சேர்ந்து வாழ்ந்தது இரண்டே ஆண்டுகள்.

குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லலாமே என்பது வசதியுள்ளவரின் பேச்சு. பல வேலைகளுக்குக் குடும்ப விசாவே கிடையாது. அமீரகத்தில் 4,000 திர்ஹம் சம்பளமோ, தங்குமிடத்தோடு 3,000 திர்ஹமோ வேண்டும். சவூதியில் 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய குடும்பத்தார் கட்டணம் 2020இல் 400 ஆயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600 ரியால். கடையில் நிற்கிறவருக்கு இது எட்டாத தொகை.

ஆனால் எல்லாப் பழியையும் அந்த நாடுகளின் சட்டங்கள் மீது சுமத்திவிட்டு நாம் தப்ப முடியாது. சகோதரரை அங்கே பிடித்து வைத்திருக்கும் கயிற்றின் மறுமுனை நம் தெருவில் இருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் பெண்ணுக்கு வீடு கொடுத்தே கல்யாணம் என்பது வழக்கம். மூன்று பெண்மக்களைப் பெற்றவர் மூன்று வீடு கட்ட வேண்டும். மூன்றாவது வீட்டுக்கு நிலைக்கதவு வைக்கும்போது அவருக்குச் சர்க்கரை நோயும் முதுமையும் சேர்ந்தே வந்திருக்கும். வீடு பெண்ணின் பெயரில் இருப்பது அவளுக்குப் பாதுகாப்பு என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தலாக்கான பெண் தெருவுக்கு வராமல் அந்த வீடு காத்திருக்கிறது. ஆயினும் அந்தப் பாதுகாப்புக்கு விலையாகப் போவது அவளுடைய வாப்பாவின் வாழ்நாள். மஹரைக் கொடுப்பவன் ஆண் என்று குர்ஆன் (4:4) சொல்லியிருக்க, நாம் வீட்டையும் நகையையும் வேறு பெயரிட்ட கைக்கூலியையும் பெண்ணின் தகப்பனிடம் வசூலிக்கிறோம். அவர் ஊர் திரும்பாமல் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உள்ளூர் மண்டபத்தில் ஒரே பகலில் நாம் உண்டு கலையும் விருந்து, பாலைவன வெயிலில் ஒருவர் கூடுதலாக நிற்கும் ஓர் ஆண்டு.

பயணம் வேதனையின் ஒரு பகுதி, உண்ணவும் பருகவும் உறங்கவும் விடாதது, வந்த வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்பது நபிமொழியின் கருத்து. வேலை எப்போது முடிந்தது என்று யார் முடிவு செய்வது? போகுமுன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து தொகையையும் காலத்தையும் எழுதிவைக்கட்டும். கடன் இவ்வளவு, தீர்ந்ததும் திரும்புவேன் என்று. அதன்பின் மாமியோ மச்சானோ புதிய பட்டியல் கொண்டுவந்தால் மறுக்க இருவருக்கும் துணிவு வேண்டும்.

திரும்பி வருகிறவரை எப்படி ஏற்பது என்பதிலும் நாம் தவறுகிறோம். நெடுநாள் பிரிந்திருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம், மனைவி தலைவாரித் தன்னைச் சீர்செய்துகொள்ள அவகாசம் கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அவ்வளவு நுட்பமாக அந்தப் பெண்ணை எண்ணிப்பார்த்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் என்ன செய்கிறோம்? வந்தவரின் அட்டைப்பெட்டிக் கயிறு அறுபடும்வரை சுற்றி அமர்ந்திருக்கிறோம். கோடாலித் தைலமும் பால்மாவும் அத்தரும் பங்கிடப்படுகின்றன. உம்மம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி, இவர் யாரென்று பார்த்து நிற்கும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. முதல் வாரம் அந்த வீட்டுக்கு உரியது. உறவினர் பிறகு போகலாம்.

வந்தவருக்கும் ஒரு சொல். நீங்கள் இல்லாத ஆண்டுகளில் வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் ஓடி வீட்டை நடத்தியவர் உங்கள் மனைவி. வந்த மறுநாளே கணக்குக் கேட்டு அதிகாரம் செய்யாதீர்கள். பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்துபேசி முடிவு செய்யச் சொல்கிறது குர்ஆன் (2:233).

ஜமாஅத் நிர்வாகிகளிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறோம். நிறைவேற்ற மிகவும் தகுதியானவை திருமணத்தின்போது ஏற்ற நிபந்தனைகளே என்பது புகாரியிலுள்ள நபிமொழியின் கருத்து. ஆகவே நிக்காஹ் பதிவேட்டில் ஒரு வரி சேருங்கள்: மனைவியின் சம்மதமின்றி இத்தனை மாதத்துக்கு மேல் பிரிந்திருப்பதில்லை. அந்த மாதத்தை மணமகளே சொல்லட்டும். அடுத்தது, சபரை முடித்துக்கொண்டு வருகிறவர் ஊரில் ஒரு கடை திறக்க, பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன். பள்ளிக்கு மினாரா உயர்த்த அவரிடம் வாங்கிய நன்கொடை ரசீதுகள் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. கடன் மனுவைப் பார்க்கும்போது அவற்றையும் எடுத்துப் பாருங்கள்.