குதிக்காதே என்ற கட்டளை

"பொம்பளைக்கு வயசானா எலும்பு தேயத்தான் செய்யும்." மருத்துவரும் சொல்கிறார், மாமியாரும் சொல்கிறார். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு கரைகிறது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கரைவதற்கு முன்னால் அவளிடம் எவ்வளவு சேர்ந்திருந்தது, யார் சேரவிடாமல் தடுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

எலும்பு உயிரற்ற தூண் அல்ல. சுமைக்கேற்ப அது தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். எப்படி உணர்கிறது என்பது இப்போது தெளிவாகி வருகிறது. எலும்பை உருவாக்கும் செல்களின் சவ்வில் பீசோ1 என்றொரு புரதம் கதவுபோல் இருக்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் எலும்பு நூலளவிலும் குறைவாக வளைகிறது. கதவு திறக்கிறது, கால்சியம் அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன, புது எலும்பு கட்டும் வேலை தொடங்குகிறது. மஜ்ஜையின் குருத்தணுக்களில் இந்தப் புரதத்தை நீக்கியபோது எலிகளின் எலும்பு மெலிந்தது.

"வீட்டு வேலையே உடற்பயிற்சி" என்பவர்களுக்கு ஒன்று: அசையாத சுமையை எலும்பு பொருட்படுத்துவதில்லை. விசை வேகமாக, விட்டுவிட்டு வரவேண்டும். அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது கால்வலியைத் தரும், எலும்பைத் தராது. செங்கல் சுமக்கும் சித்தாளுக்கோ சுமை இருக்கிறது. அதை எலும்பாக்கும் சோறும் ஓய்வும் இல்லை.

பின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டார்கள். மட்டை பிடிக்கும் கையில் எலும்பு அதிகம். பூப்பெய்துவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த பலன், பிறகு தொடங்கியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

சரியாக அந்த வயதில் நாம் என்ன செய்கிறோம்? மஞ்சள் நீராட்டுகிறோம், பட்டுப்பாவாடை கட்டுகிறோம், "இனிமேல் குதிக்காதே" என்கிறோம். பள்ளியோ விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்கிறது. மிச்சமிருக்கும் மைதானம் பையன்களுக்கு. நாற்பது ஆண்டு கழித்து அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால், பழி அவள் ஹார்மோன் மீது.

இதற்கு இயற்கை என்று பெயர் வைக்காதீர்கள். கால்சியம் மாத்திரை செங்கல் மட்டுமே. கட்டச் சொல்லும் உத்தரவு ஓட்டத்திலிருந்து வருகிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சீர்வரிசைத் தட்டு வேண்டாம். அவள் பந்தை அவளிடம் திருப்பிக் கொடுங்கள், மைதானத்தில் பாதியையும்.