நம்மட சாரி, யார்ட கணக்கு?

"உலகச் சந்தையைப் பிடியுங்கள்" என்று சொல்லித்தர கல்முனைக்கு ஆள் வருவதில் குறைவே இல்லை. மண்டபம், பெனர், சோட்டீஸ், சான்றிதழ். போன தடவை எங்களில் ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "சேர், கஸ்டமர் கனடாவில இருக்கா. சல்லிய நான் எப்பிடி எடுக்கிற?" சேர் சிரித்தார். "அதெல்லாம் ஒன்லைன்ல செய்யலாம்மா."

செய்யலாமா? இலங்கை முகவரியில் திறந்த பேபால் கணக்கால் சல்லி அனுப்பலாம், வாங்க ஏலாது. வருசக்கணக்காக இதுதான் நிலைமை. ஸ்ட்ரைப்பின் நாடுகள் பட்டியலில் நாம் இல்லை. நேரே வங்கிக்கு அனுப்பச் சொன்னால், ஒரேயொரு சாரிக்காக டொரன்டோவில் இருக்கிறவ சுவிப்ட் கோட் எழுதி, கட்டணம் கட்டி, நடுவில் நிற்கும் வங்கிக்கும் ஒரு துண்டு கொடுக்க வேணும். யார் செய்வா?

மருதமுனையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு ராத்தா. தறியில் இருப்பது அவ. இன்ஸ்டகிராமில் படம் போடுவது, இரவு ரெண்டு மணிக்கு கஸ்டமருக்குப் பதில் எழுதுவது, பார்சல் கட்டுவது எல்லாம் அவ. சல்லி மட்டும் லண்டனில் இருக்கிற காக்காட கணக்குக்குப் போகும். அவர் உண்டியலில் போடுவார், இல்லாட்டி அடுத்த மாசம் சேர்த்து அனுப்புவார், இல்லாட்டி "கொஞ்சம் எடுத்திட்டன், பிறகு தாறன்" என்பார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ராத்தா கடன் கேட்டு வங்கிக்குப் போனால் காட்ட அவட பேரில் ஒரு வரவும் இல்லை. மூன்று வருச வியாபாரம், கடதாசியில் நடக்கவே இல்லை!

2021 டிசம்பரில், டொலர் வற்றிக்கொண்டிருந்த நேரம், வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்கு 10 ரூபாய் மேலதிகம் என்றது மத்திய வங்கி. உண்டியலை நிறுத்த அவ்வளவு அவசரம். வீட்டிலிருந்தே டொலர் உழைக்கிற பெண் அந்தக் கணக்கில் வரவில்லை.

"வெளிநாட்டு காட் எடுக்கிற உள்ளூர் கேட்வே இருக்கே" என்பீர்கள். இருக்கு. அதற்குப் பதிவு, வங்கிக் கணக்கு, கடதாசிகள் வேணும். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில்தான் நடக்குது. அப்போ பெனருக்குப் பதிலாக அந்தப் படிவத்தையும் ஒரு வங்கி உத்தியோகத்தரையும் மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது ராத்தாட கையில் அவட பேரில் போட்ட விண்ணப்பத்தின் பிரதி இருக்க வேணும். சோட்டீஸ் இல்லாட்டியும் பரவாயில்லை.

காக்காமாருக்கும் ஒன்று. அதுவரைக்கும் உங்கட கணக்குக்கு வாற ஒவ்வொரு தொகையையும் திகதி போட்டு எழுதி, மாச முடிவில் அவட வட்ஸ்அப்புக்கு அனுப்புங்க. அவ கேட்கும் வரை காத்திருக்க வேணாம்.