பொதுக் கல்வியின் பெயரால் பொய்க் கல்வி

தில்லிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயில வரும் ஒரு மாணவர், முதல் நான்கு பருவங்களிலும் பருவத்திற்கு ஒன்றாக ‘மதிப்புக் கூட்டுப் பாடம்’ எனப்படும் தாளை எடுத்தாக வேண்டும். 2022-23 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின் விதி அது. தேர்ந்தெடுத்துக் கொள்ளுமாறு அவர் முன் வைக்கப்பட்ட பட்டியலில் வேதக் கணிதம், தூய்மை இந்தியா, ஃபிட் இந்தியா, மகிழ்ச்சியாக இருக்கும் கலை, பஞ்சகோசம் ஆகியவை இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் 2 கிரெடிட். ஒன்றிய ஆட்சியாளர்களின் விளம்பரப் பலகைகளில் இருந்த முழக்கங்கள் பட்டப்படிப்பின் பாடத் தலைப்புகளாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டன.

‘மதிப்புக் கூட்டல்’ என்ற சொல்லே சந்தையிலிருந்து வந்தது. மாங்காயை ஊறுகாயாக்கி விற்பதற்கும், தக்காளியைச் சாறாக்கிப் புட்டியில் அடைப்பதற்கும் அது பொருந்தும். மாணவரைக் கச்சாப் பொருளாகவும் கல்லூரியைப் பதப்படுத்தும் ஆலையாகவும் காண்கிறவர்களின் வாயில்தான் அது கல்விச் சொல்லாக முடியும். உழைப்பே மதிப்பைப் படைக்கிறது என்பதை அறிந்த இயக்கம் இந்தச் சொல்லைக் கேள்வியின்றிக் கடந்து செல்ல இயலாது.

எதிர்ப்பு எதற்கு?

இந்தப் பாடங்களை எதிர்க்கும்போது ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். கல்லூரி மாணவர் தம் துறைக்கு வெளியேயும் கற்க வேண்டும் என்ற கருத்து இந்துத்துவாவின் கண்டுபிடிப்பும் அன்று, 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கொண்டுவந்த கொடையும் அன்று. 1866ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய முதலாம் அகிலத்தின் மாநாட்டுப் பிரதிநிதிகளுக்காக மார்க்ஸ் எழுதிய அறிவுரையில், அறிவுக் கல்வி, உடற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி மூன்றும் இணைந்ததே உழைக்கும் வர்க்கப் பிள்ளைகளுக்கான கல்வி என்று வகுத்தார். 1920 அக்டோபரில் ருஷ்ய இளம் கம்யூனிஸ்ட் கழகத்தின் மூன்றாவது மாநாட்டில் பேசிய லெனின், மனிதகுலம் சேர்த்து வைத்த அறிவுச் செல்வத்தை உள்வாங்காமல் எவரும் கம்யூனிஸ்ட் ஆகிவிட முடியாது என்று இளைஞர்களை எச்சரித்தார். 1923ஆம் ஆண்டில் முசோலினி ஆட்சி கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தத்தைச் சிறையிலிருந்து ஆராய்ந்த கிராம்ஷி, ஏழைகளுக்கெனத் தனித்தனித் தொழிற்பள்ளிகளைப் பெருக்குவது ஜனநாயகம் போலத் தோன்றினாலும் சமூக வேற்றுமையை நிலைப்படுத்தவே உதவும் என்று கண்டார். அனைவருக்கும் பொதுவான பள்ளியே அவர் முன்வைத்த மாற்று.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழுவும் பட்டப்படிப்பில் பொதுக் கல்வி இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆகவே, பொதுக் கல்வி வேண்டுமா, வேண்டாமா என்பதில் இன்று விவாதம் இல்லை. பொதுக் கல்வி என்ற பெயரில் எது கற்பிக்கப்படுகிறது, எதை வெட்டி அதற்கு இடம் தரப்படுகிறது, அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பவையே கேள்விகள்.

கிரெடிட் கணக்கு

பல்கலைக்கழக மானியக்குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட். அதில் முதன்மைத் துறைக்கு 60, சரிபாதி. பல்துறைப் பாடங்களுக்கு 9, மொழி சார்ந்த திறன் மேம்பாட்டுப் பாடங்களுக்கு 8, தொழில்திறன் பாடங்களுக்கு 9, மதிப்புக் கூட்டுப் பாடங்களுக்கு 6 முதல் 8 வரை. இந்த நான்கையும் கூட்டினால் 32 முதல் 34. பட்டப்படிப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் முந்தைய முறையில் ஹானர்ஸ் மாணவரின் மையப் பாடத்தாள் ஒவ்வொன்றும் 6 கிரெடிட் பெற்றிருந்தது. புதிய கட்டமைப்பில் அது 4. வகுப்பறையில் ஆசிரியரோடு ஒரு பாடத்தை ஆழ்ந்து பயிலும் நேரம் அந்த அளவுக்குச் சுருங்கியது. வெட்டியெடுத்த இடத்தில்தான் மகிழ்ச்சியின் கலையும் ஃபிட் இந்தியாவும் குடியேற்றப்பட்டுள்ளன.

இந்தப் பொதுப் பாடங்கள் பெரும்பாலும் முதல் நான்கு பருவங்களில் அடுக்கப்பட்டிருப்பது தற்செயல் அன்று. இதே கட்டமைப்புதான் ஓராண்டு முடித்து 40 கிரெடிட்டோடும், அத்துடன் 4 கிரெடிட் தொழிற்பயிற்சியோடும் வெளியேறுகிறவருக்குச் சான்றிதழும், இரண்டாண்டு முடித்து 80 கிரெடிட்டோடு வெளியேறுகிறவருக்குப் பட்டயமும் தருகிறது. அந்த 80 கிரெடிட்டில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பொதுப் பாடங்களும் திறன் பாடங்களுமாகவே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திட்டத்தின் வர்க்கத் தன்மை துலங்கும். கட்டணம் கட்ட இயலாமல், தந்தையின் வேலை போனதால், திருமணத்தின் பேரால் இடையில் நிறுத்தப்படும் மாணவர் யார்? கூலித் தொழிலாளியின் மகன், தலித் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வேண்டிய மகள். முன்பு அதை இடைநிற்றல் என்றார்கள்; அரசு அதற்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. இப்போது ‘விருப்ப வெளியேற்றம்’ என்று பெயர் சூட்டி, கையில் ஒரு தாளையும் திணித்து அனுப்பலாம். அந்தத் தாளோடு போகிறவர் இயற்பியலும் முறையாகக் கற்றிருக்க மாட்டார், வரலாறும் கற்றிருக்க மாட்டார். மூன்றாண்டுக்குள் திரும்பி வரலாம் என்கிறது விதி. வறுமை அந்த விதியைப் படிப்பதில்லை.

பாடத்தின் உள்ளே

வேதக் கணிதத்தை எடுத்துக் கொள்ளலாம். பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1965ஆம் ஆண்டில் வெளியான நூலே இதன் மூலம். அதில் கூறப்படும் பதினாறு சூத்திரங்கள் வேத நூல்கள் எதிலும் காணப்படவில்லை. கணிதவியலாளர் எஸ்.ஜி.தானி உள்ளிட்டோர் இதை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளனர். விரைவாகப் பெருக்கவும் வகுக்கவும் உதவும் சில குறுக்கு வழிகளைத் தொகுத்து, அவற்றின் மீது வேதத்தின் முத்திரையைக் குத்தியிருக்கிறார்கள். ஆரியபட்டரும் பிரம்மகுப்தரும் 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் முடிவிலாத் தொடர்களை ஆராய்ந்த மாதவரும் படைத்த மெய்யான கணித மரபைக் கற்பிப்பதற்கு எந்த இடதுசாரியும் தடை சொன்னதில்லை. கணிதவியலாளராக இருந்தே பண்டைய இந்திய வரலாற்றுக்குப் புதிய வழி காட்டிய டி.டி.கோசாம்பியும், லோகாயத மரபை மீட்டுத் தந்த தேவிபிரசாத் சட்டோபாத்யாயாவும் இடதுசாரி மரபின் பிள்ளைகளே. மாணவரின் கண்ணில் படாமல் மறைக்கப்படுவது இவர்களின் இந்தியாதான்.

அதே பட்டியலில் ‘அரசியலமைப்பு விழுமியங்களும் அடிப்படைக் கடமைகளும்’ என்றொரு தாள் உண்டு. தலைப்பில் அடிப்படை உரிமைகள் எங்கே? உரிமைகள் 1950ஆம் ஆண்டில் அரசியலமைப்புச் சட்டத்தோடு பிறந்தவை. கடமைகள் 1976ஆம் ஆண்டில், அவசரநிலைக் காலத்தில், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது 42ஆவது திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்டவை. அவசரநிலையைக் கண்டித்து ஆண்டுதோறும் விழா எடுப்பவர்கள் அந்தத் திருத்தத்தின் இந்தப் பகுதியை மட்டும் பாடமாக்கி மகிழ்கிறார்கள். நகைமுரண் என்னவென்றால், அந்தக் கடமைப் பட்டியலிலேயே அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதும் ஒரு கடமை. வேதக் கணிதத் தாளை வகுத்தவர்கள் இந்தத் தாளை முதலில் எழுதித் தேற வேண்டும்.

கற்பிப்பவர் யார்?

பொதுப் பாடம் எதையும் யாரும் கற்பிக்கலாம் என்ற நினைப்பே அதன் சீரழிவுக்கு முதல் காரணம். சுற்றுச்சூழல் கல்வியின் கதை இதற்குச் சான்று. 1991ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் வழங்கிய உத்தரவின் தொடர்ச்சியாக அது பட்டப்படிப்பில் கட்டாயமாயிற்று. நோக்கம் உயர்ந்தது. ஆனால் தனி ஆசிரியர் பணியிடமோ, ஆய்வகமோ, களப்பயணத்திற்கு நிதியோ இன்றி எண்ணற்ற கல்லூரிகளில் அது தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டும் தாளாகச் சுருங்கியது. கட்டாயம் என்ற ஒற்றைச் சொல் கல்வியாகிவிடாது என்பதே அந்த அனுபவம் தரும் பாடம்.

அந்தப் பாடத்தை ஒன்றிய அரசு கற்கவில்லை. புதிய தாள்கள் வந்தன. அவற்றுக்கென நிரந்தரப் பணியிடங்கள் வரவில்லை. வேலைப்பளு குறைந்த துறை எதுவோ அதன் ஆசிரியர் தலையில் மகிழ்ச்சியும் நிதி அறிவும் கட்டப்படுகின்றன. ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரையிலான பாடங்களை ‘ஸ்வயம்’ இணையத் தளத்திலேயே முடித்துக் கொள்ள 2021ஆம் ஆண்டு விதிமுறை வாயில் திறந்து வைத்திருக்கிறது. மையப் பாடத்தின் நேரம் குறைந்தால் பணியிடம் குறையும். பொதுப் பாடம் இணையத்திற்குப் போனால் அங்கும் பணியிடம் குறையும். பல்கலைக்கழகங்களுக்கு மானியம் தருவதற்குப் பதிலாகக் கடன் தருவதற்கென 2017ஆம் ஆண்டில் உயர்கல்வி நிதி முகமையை நிறுவிய அரசுக்கு இந்தச் சிக்கனம் இனிக்கத்தான் செய்யும்.

இரண்டு ஆட்சேபங்கள்

இந்த விமர்சனத்தை முன்வைக்கும்போது இரண்டு கேள்விகள் எழும். இரண்டையும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும்.

முதலாவது கேள்வி கேரளம் பற்றியது. அங்கே இடது ஜனநாயக முன்னணி அரசே 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதிலும் இத்தகைய பொதுப் பாடங்கள் உண்டு. தில்லியில் தவறானது திருவனந்தபுரத்தில் சரியாகிவிடும் என்று வாதிடுவது மார்க்சியம் ஆகாது. மானியக்குழுவின் விதிகளுக்குள் நின்று, மாணவர்களின் பட்டம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டிய நெருக்கடியில் அந்த மாநிலம் தனது பாடத்திட்டத்தைத் தானே வகுத்தது. மூன்றாண்டில் பட்டம் பெற்றுச் செல்லும் வழியைக் காத்தது. இவை உண்மை. எனினும் அளவுகோல் ஒன்றாகத்தான் இருக்க முடியும். துறைப் பாடத்தின் நேரம் குறைந்ததா? நிரந்தர ஆசிரியர் பணியிடம் காக்கப்பட்டதா? ஏழை மாணவர் நான்காம் ஆண்டை எட்டுகிறாரா? அந்தக் கேள்விகளைக் கேரளத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் எழுப்பும்போது அவற்றைத் தோழமையோடு கேட்பதே இடதுசாரிகளின் கடமை.

இரண்டாவது கேள்வி எதிர்த் திசையிலிருந்து வருகிறது. பொதுப் பாடங்களையே ஒழித்துவிட்டு, வேலைக்கான படிப்பை மட்டும் தந்தால் ஏழை மாணவருக்கு நன்மைதானே என்று சில தோழர்களே கேட்பதுண்டு. அக்கறையிலிருந்து பிறக்கும் கேள்வி. ஆனால் முதலாளியின் விருப்பமும் அதுவே. இயந்திரத்தை இயக்கத் தெரிந்த, கூலிச் சட்டம் தெரியாத தொழிலாளியே அவருக்குத் தேவை. செல்வந்தர் பிள்ளைகள் பெருங்கட்டணம் செலுத்தித் தனியார் பல்கலைக்கழகங்களில் தத்துவமும் பொருளாதாரமும் இலக்கியமும் சேர்த்துப் பயில்கிறார்கள். அரசுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு மட்டும் ஒன்று கைத்திறன், இல்லையேல் யோகாசனம் என்று ஏன் ஒதுக்க வேண்டும்?

கோரிக்கை

2013ஆம் ஆண்டில் இதே தில்லிப் பல்கலைக்கழகத்தில் பதினொரு கட்டாய அடித்தளப் பாடங்களோடு நான்காண்டுத் திட்டம் அவசர அவசரமாகத் திணிக்கப்பட்டது. ஆசிரியர்களும் மாணவர்களும் தொடர்ந்து போராடினர். மோடி அரசு பொறுப்பேற்ற சில வாரங்களில், 2014 ஜூனில், அது திரும்பப் பெறப்பட்டது. மக்களின் எதிர்ப்பை வாக்காக அறுவடை செய்து கொண்ட கட்சியே, எட்டாண்டுகள் கழித்து, காவி பூசி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒருமுறை பின்வாங்க வைத்ததை மறுமுறையும் பின்வாங்க வைக்க முடியும்.

அதற்கு ‘வேண்டாம்’ என்ற முழக்கம் மட்டும் போதாது. மாணவர் இயக்கமும் ஆசிரியர் இயக்கமும் முன்வைக்க வேண்டிய மாற்றுத் திட்டம் கடினமானது அன்று. துறைப் பாடத்தின் நேரத்தை வெட்டாமல் பொதுக் கல்வி அமைய வேண்டும். அறிவியலின் வரலாறு, உரிமைகளை முதலில் வைத்துப் பயிலும் அரசியலமைப்பு, சாதியும் பாலினமும், அரசியல் பொருளாதாரத்தின் அடிப்படைகள், புள்ளிவிவரங்களைப் படித்தறியும் பயிற்சி, இந்திய மொழிகளின் இலக்கியம் மொழிபெயர்ப்பில் என்று அதன் பாடங்கள் அமையட்டும். அந்தந்தத் துறையில் பயின்ற நிரந்தர ஆசிரியர் கற்பிக்கட்டும்; மாணவர் தம் தாய்மொழியில் எழுத உரிமை இருக்கட்டும். பாடத்திட்டம் ஆசிரியர்களின் கல்விக் குழுவில் விவாதிக்கப்பட்டு உருவாகட்டும். கோத்தாரி குழுவின் காலம் முதல் பேசப்பட்டு, 2020ஆம் ஆண்டுக் கொள்கையும் ஒப்புக்குச் சொல்லும் 6 விழுக்காடு நிதி ஒதுக்கீடு நடைமுறைக்கு வரட்டும். ஓராண்டிலும் இரண்டாண்டிலும் வெளியே தள்ளும் வாயில்களை மூடி, அங்கே உதவித்தொகை வழங்கும் சாளரத்தைத் திறக்கட்டும்.

கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய், அவன் மகிழ்ச்சியாக இருக்கக் கற்று வர வேண்டும் என்று அனுப்பவில்லை. தமக்குக் கிடைக்காத அறிவு அவனுக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்றே அனுப்புகிறார். அதில் ஒரு குன்றிமணியும் குறையவிடாமல் காக்கும் போராட்டம், வகுப்பறைக்குள் நடைபெறும் வர்க்கப் போராட்டமே.