கை ஏன் பழக வேண்டும்?

அடுப்படியில் ஒரு பெண் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் உப்பின் அளவோ உலைநீரின் கணக்கோ இல்லை, சூடு பொறுப்பது. வடச்சட்டியின் காதைத் தொட்டுவிட்டு விரலை உதறும் சிறுமியிடம் எங்கள் கொங்குப் பக்கத்தில் "அதெல்லாம் கை பழகிக்கும் கண்ணு" என்பார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் அம்மாவோ அம்மாயியோதான். அன்போடுதான் சொல்கிறார்கள். அவர்கள் கையிலும் அதே இடத்தில் அதே தழும்பு இருக்கும். அம்மாவிடமிருந்து மகளுக்குத் தகராறில்லாமல் கைமாறும் சொத்து இது ஒன்றுதான்.

இந்தப் பாடத்தை நான் மறுக்கிறேன். கை பழகத் தேவையில்லை. பாத்திரம் திருந்தட்டும்.

ஈரோட்டுத் தெருவில் நிற்கும் ஒரு மோட்டார் பைக்கைப் பாருங்கள். சைலன்சரின் மேல் ஒரு தடுப்புத் தகடு இருக்கும். உட்காருகிறவரின் கால் சுட்டுவிடக் கூடாது என்று யாரோ ஒரு பொறியாளர் யோசித்திருக்கிறார். இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு எவ்வளவு காய்ந்தாலும் பிடி சுடுவதில்லை. வெல்டிங் பட்டறையில் கம்பியைக் கவ்வும் ஹோல்டருக்கும் உறையிட்ட பிடி உண்டு. இவ்வளவு தெரிந்த உலகம்தான், தீயின் மேலேயே உட்காரும் வடச்சட்டிக்கு அதே உலோகத்தில் இரண்டு குட்டைக் காதுகளை ஒட்டி நம்மிடம் விற்கிறது.

உலோகம் என்றால் சுடத்தானே செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். அலுமினியச் சட்டிக்கு அலுமினியக் காது வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே காயும். எவர்சில்வர் மந்தமாகக் கடத்தும். அதில் நீளமாக, உள்ளே கூடாக ஒரு பிடி செய்து, பாத்திரத்தோடு சேரும் இடத்தை ஒடுக்கமாக வைத்தால் வெறுங்கையால் பிடிக்கலாம். குக்கரின் கறுப்புக் கைப்பிடிக்கு முன்னோடியான பேக்கலைட்டுக்கு லியோ பேக்லண்ட் காப்புரிமை பெற்றது 1909இல். தீர்வு கண்டு நூறு ஆண்டு கடந்துவிட்டது. ஆனால் குட்டைக் காதுக்குத் தகடு கொஞ்சம் போதும். கடையில் அடுக்க இடமும் கொஞ்சம் போதும். இந்தக் கணக்கில் சேராத செலவு நம் தோல்.

மண்சட்டிக் காலத்தில் நிலைமை வேறு. மண் வெப்பத்தை மெல்லக் கடத்தும். விறகடுப்பின் தீநாக்கு சட்டியைச் சுற்றி ஏறும் என்பதால் மரப்பிடி வைத்தால் கருகிவிடும். விளிம்பைத் துணியாலோ இடுக்கியாலோ பிடித்து இறக்கினார்கள். அந்த வடிவத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பிறகு சட்டி உலோகமானது, அடுப்பு கேஸ் ஆனது. பிடி மட்டும் மாறவில்லை. திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தின் பாத்திரப் பட்டறைத் தொழிலாளியை நான் குறை சொல்லவில்லை. ஆர்டரில் என்ன வடிவம் வருகிறதோ அதைத்தான் அவர் அடித்துக் கொடுக்கிறார். வடிவத்தை முடிவு செய்கிறவர் அந்தப் பாத்திரத்தில் ஒருநாளாவது குழம்பு கூட்டி இறக்கியிருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

தமிழ் படித்தவள் என்பதால் குறுந்தொகையின் 167ஆம் பாடலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமானவள் காந்தள் போன்ற விரல்களால் தயிர் பிசைகிறாள். கையை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை அவள் கண்ணில் நிறைகிறது. கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. கண்டு வந்து சொல்பவள் செவிலி. புகையையும் அழுக்கான ஆடையையும் கண்ட அவளும், அத்தனை பாட்டுக்கும் கணவனின் ஒரு சொல் ஈடாகிவிட்டதாகவே மகிழ்கிறாள். இன்றுவரை அடுப்படிக் காயத்துக்கு அந்த விகிதத்தில்தான் நமக்கு நஷ்டஈடு.

"துணி பிடித்து இறக்கினால் போச்சு, இதற்கு ஒரு கட்டுரையா?" என்பவர்கள் உண்டு. எந்தத் துணி? ஈரோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கரூரிலிருந்து வீட்டு உபயோகத் துணிகள் உலகெங்கும் ஏற்றுமதியாகின்றன. அடுப்படிக் கையுறைகளும் மெத்தென்ற பிடிதுணிகளும் அவற்றில் உண்டு. தைக்கிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். சாயங்காலம் வீடு திரும்பும் அந்தப் பெண்கள் சோற்றுப் போசியை இறக்குவது பழஞ்சேலையைக் கிழித்த கரித்துணியால். அந்தத் துணி பாதி நேரம் ஈரமாக இருக்கும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஈரத்துணி காப்பாற்றாது, ஆவியாகிச் சுடும். துணி கிடைக்காத அவசரத்துக்கு முந்தானை. பாலியஸ்டர் முந்தானை எரியும் பர்னருக்கு மேல் தொங்குவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். பற்பசை, மஞ்சள், தோசைமாவு எதுவும் வேண்டாம் என்கிறார்கள். காலை எட்டு மணிக்கு எந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு அந்த இருபது நிமிடம் கிடைக்கும்? ஊதிவிட்டு அடுத்த தோசையை ஊற்றுவோம்.

சின்னக் காயம்தானே என்று விடுவதற்கும் பெரிய விலை இருக்கிறது. 2001இல் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் சுமார் 1,63,000 பேர், அவர்களில் 1,06,000 பேர் பெண்கள் என்று 2009இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அத்தனையும் அடுப்படி விபத்து என்று நான் நம்பவில்லை. பெண் என்றால் அடுப்படியில் சுடத்தான் செய்யும் என்று ஊரே பழகியிருப்பதால்தான், கொலையைக்கூட "ஸ்டவ் வெடித்தது" என்று எழுதி மூட முடிந்தது.

இது வீட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1982இல் சத்துணவுத் திட்டம், 2022இல் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம். இரண்டும் நாம் பெருமைப்பட வேண்டியவை. அங்கே கொதிக்கும் சாம்பார் அண்டாவின் வளையத்தைப் பிடித்து இறக்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தொழிற்சாலையில் என்றால் அதற்குப் பாதுகாப்புக் கருவி என்று பெயர். சமையல் கூடத்தில் அதைக் கேட்டால் "உங்களுக்குப் பழக்கம்தானே" என்ற பதில் வரக் கூடாது.

ஆகவே தோழியரே, பாத்திரக் கடையில் எடையையும் விலையையும் பார்க்கும் முன் பிடியைப் பாருங்கள். எந்த உலோகம், எவ்வளவு நீளம், அடுப்பில் வைத்தால் தீ காதை எட்டுமா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். இடுக்கி வாங்குங்கள். தடித்த, காய்ந்த பிடிதுணி இரண்டு தனியாக வைத்திருங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சமையல் கூடத்துக்குப் போய்க் கையுறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மனு எழுதுங்கள். வீட்டில் மகனைக் கூப்பிட்டுக் குழம்புச் சட்டியை இறக்கச் சொல்லுங்கள். "அய்யோ, சுடுது" என்று அவன் கத்தினால், கை பழகும் என்று சொல்லிவிடாதீர்கள். அவன் சொன்னது சரி. அதையே நாமும் சத்தமாகச் சொல்ல ஆரம்பிப்போம்.