கோயில் குவளைகள்

திருவிழா விருந்துக்கென எங்கள் பங்கில் இருநூறு எவர்சில்வர் குவளைகள் உண்டு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் பாதுகாவலராம் புனித அந்தோணியாரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிறு விடியலில், அவற்றுள் நூற்றைம்பதை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையோரம் மேசை போட்டு நின்றோம். நீந்திக் களைத்து, மிதிவண்டி மிதித்துக் களைத்து, பின்னும் ஓடிவந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். நண்பகலில் எண்ணிப் பார்த்தபோது மூன்று குவளைகள் குறைந்தன. அந்த மூன்று குவளைகளைச் சுற்றி எழுந்த பேச்சே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அடுத்துக் கூடிய அன்பியக் கூட்டத்தில் எங்கள்மேல் நான்கு குற்றங்கள் சாட்டப்பட்டன. ஆண்டவரின் நாளை வீணாக்கினோம் என்பது முதலாவது. பணம் படைத்தோர் விளையாட்டுக்கு ஏவல் செய்தோம் என்பது இரண்டாவது. பங்கில் பணி மலைபோல் கிடக்க வெளியாருக்கு உழைத்தோம் என்பது மூன்றாவது. கோயில் பொருளை ஊர் பேர் தெரியாதவர்கள் வாய்வைத்துக் குடிக்கக் கொடுத்தோம் என்பது நான்காவது. குற்றம் சாட்டியவர்கள் நல்லவர்கள். அவர்களுள் சிலர் எங்களுக்கு மறைக்கல்வி கற்பித்தவர்கள். ஆயினும் அவர்கள் சொன்னது தவறு என்று உறுதியாகக் கருதுகிறோம். அதுமட்டுமன்று, அத்தவறு பொதுநிலையினராகிய நம் அனைவரையும் உள்ளிருந்து அரித்துவரும் ஒரு நோயின் அறிகுறி என்றும் கருதுகிறோம். ஆகவே வாதத்தைக் கூட்ட அறையோடு விட்டுவிடாமல் இவ்விதழின் வாசகர்முன் வைக்கிறோம்.

முதலில் அப்போட்டி இன்னதென்று அறிவது நலம். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒருவரே முடிப்பது டிரையத்லான். இன்று நாம் காணும் வடிவில் அது 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கியது. அன்று கலந்துகொண்டோர் 46 பேர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் பந்தயங்களுள் இடம்பெற்றது. ஒலிம்பிக் அளவு என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம். எங்கள் கடற்கரையில் நடந்தது அதில் பாதி. பாதியானாலும், கடலில் 750 மீட்டர் நீந்திக் கரையேறுபவரின் கால்கள் நடுங்குவதை அருகில் நின்று பார்த்தவர்கள் அதை எளிது என்று சொல்லமாட்டார்கள்.

இத்தகைய போட்டியைப் பரிசுக்கோப்பையோ விளம்பரத் தட்டியோ நடத்துவதில்லை, தொண்டர்களே நடத்துகிறார்கள். விடியுமுன் வந்து போட்டியாளரின் கையிலும் காலிலும் எண் எழுதுபவர், மிதிவண்டிகள் நிறுத்தும் இடத்தைக் காவல் காப்பவர், தலைக்கவசத்தின் வாரை மாட்டுமுன் மிதிவண்டியைத் தொடாதே என்று நினைவூட்டுபவர், சாலை முக்கில் கொடியுடன் நின்று மாட்டையும் மணல் லாரியையும் நிறுத்துபவர், தண்ணீரும் வாழைப்பழமும் நீட்டுபவர் என்று பலர் வேண்டும். இவர்கள் இல்லையேல் போட்டி இல்லை. எங்களுள் எட்டுப் பேர் தண்ணீர் மேசையில் நின்றோம். எங்கள் பங்கின் மீனவ இளைஞர் நால்வர் இரண்டு ஃபைபர் படகுகளில் கடலில் நின்றனர்.

கடலில் நின்றவர்களின் பணி வேடிக்கையன்று. 1985 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த டிரையத்லான் போட்டிகளை மருத்துவர்கள் ஆராய்ந்து, திடீர் மரணங்கள், இதயம் நின்றுபோன நிகழ்வுகள், விபத்து மரணங்கள் என 135ஐப் பதிவு செய்தனர்; அவற்றுள் 90 நீச்சலின்போதே நேர்ந்தவை. ஓடுபவர் விழுந்தால் சாலை தாங்கும். நீந்துபவர் மயங்கினால் கடல் தாங்காது. அலையின் போக்கும் நீரோட்டத்தின் திருப்பமும் அறிந்த ஒரு மீனவரின் கண் அங்கே இருப்பது உயிர் காக்கும் காரியம். அதைச் செய்தவர்களைப் பார்த்து, ஆண்டவரின் நாளை வீணாக்கினாய் என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வந்தது?

ஞாயிறு பற்றிய குற்றச்சாட்டுக்கு நேரடியாகவே விடை கூறுவோம். கடன் திருநாளுக்குரிய திருப்பலியில் அந்நாளிலோ முந்திய நாள் மாலையிலோ பங்கேற்கலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248ஆம் எண் தெளிவாகக் கூறுகிறது. நாங்கள் பன்னிருவரும் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றோம், நற்கருணை உட்கொண்டோம், அதன் பின்னரே குவளைகளைக் கேட்டு வாங்கினோம். திருப்பலியை விட்டுவிட்டுப் போட்டிக்கு ஓடுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை, இனியும் ஆதரிக்கமாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்தபின் மாலைவரை தொலைக்காட்சியின்முன் சாய்ந்திருப்பவரை எந்த அன்பியக் கூட்டமும் இதுவரை விசாரித்ததுண்டா? ஓய்வுநாளில் ஒருவரைக் குணப்படுத்தியதற்காக ஆண்டவர்மேல் குற்றம் சாட்டியவர்களும் ஓய்வுநாளை மிகவும் நேசித்தவர்களே.

விளையாட்டே உலகப் போக்கு, இறைமக்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்போரும் உளர். புனித பவுல் ஓட்டப்பந்தயத்தையும் வாகையையும் தம் திருமுகங்களில் எடுத்தாள வெட்கப்படவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 அக்டோபர் 29 அன்று உரோமை ஒலிம்பிக் அரங்கிலேயே விளையாட்டு வீரர்களின் யூபிலித் திருப்பலியை நிறைவேற்றினார். திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 ஜூன் 15 அன்று, மூவொரு இறைவன் பெருவிழாவில், விளையாட்டுக்கான யூபிலித் திருப்பலியைத் தலைமையேற்று நிறைவேற்றினார். அமெரிக்க அருள்சகோதரி மடோனா பூடர் தம் 48ஆம் வயதில், ஒரு குருவானவரின் தூண்டுதலால், ஓடத் தொடங்கியவர். 2012இல், தம் 82ஆம் வயதில், கனடாவில் நடந்த 'அயர்ன்மேன்' போட்டியை முடித்தார்: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42 கிலோமீட்டர் ஓட்டம். ஒரு துறவற சகோதரி ஓடலாம்; ஓடுபவருக்கு ஒரு பங்கு மக்கள் தண்ணீர் கொடுக்கலாகாதா?

இரண்டாம் குற்றச்சாட்டில் ஒரு பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறோம். நல்ல பந்தய மிதிவண்டியின் விலை இலட்சத்தைத் தாண்டுகிறது. நுழைவுக் கட்டணமும் ஒரு கூலித் தொழிலாளி நினைத்துப் பார்க்கக்கூடியதன்று. ஆனால் எரிகோவுக்குச் செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை நினைத்துப் பாருங்கள். அவன் ஏழையா, செல்வனா என்று நற்செய்தி சொல்லவில்லை. கள்வர் பறித்துக்கொள்ளும்படி அவனிடம் ஏதோ இருந்தது என்பது மட்டும் தெரிகிறது. சமாரியர் அவனுடைய வருமானத்தை விசாரித்துவிட்டு எண்ணெய் வார்க்கவில்லை. தாகத்துக்கு வர்க்கம் இல்லை. ஏழைக்கு முதலிடம் என்பது நம் நம்பிக்கை. மற்றவருக்கு இடமே இல்லை என்பது நம் நம்பிக்கை அன்று.

மூன்றாம் குற்றச்சாட்டே எல்லாவற்றுக்கும் வேர். "நம் வேலையே தலைக்குமேல் கிடக்கிறது, வெளியே என்ன தொண்டு?" என்றார்கள். நம் வேலை எது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. திருவிழாவென்றால் தேர் வடம் பிடிக்க, உணவு பரிமாற, சட்டையில் பட்டை குத்திக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்த நம்மவர் முண்டியடித்து வருகிறார்கள். வரட்டும், அதுவும் தொண்டே. ஆனால் அத்தொண்டுக்கு நன்றியுரையில் பெயர் வாசிக்கப்படுகிறது. வாசிக்க மறந்துவிட்டால் அடுத்த ஆண்டு அவர் வருவதில்லை. அரசு மருத்துவமனைக்கு இரத்தம் வேண்டும் என்றாலோ, நகராட்சி கடற்கரையைத் தூய்மை செய்ய அழைத்தாலோ நம் மதிலுக்குள்ளிருந்து எத்தனை பேர் வெளியேறுகிறோம்? அங்கே பட்டையும் இல்லை, பெயர் வாசிப்பாரும் இல்லை.

இதற்கு இப்போட்டியின் வரலாறே ஒரு பாடம் தருகிறது. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயில் முதல் 'அயர்ன்மேன்' நடந்தபோது 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். அன்று பொதுவான தண்ணீர் மேசை கிடையாது. ஒவ்வொருவரும் தம்தம் ஆட்களைத் துணைக்கு அழைத்துவர வேண்டும். அவரவர் ஆள் அவரவருக்கே தண்ணீர் கொடுப்பார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பார் என்பவரின் ஆட்களிடம் ஓட்டத்தின் நடுவே தண்ணீர் தீர்ந்துபோயிற்று. அவர்கள் கொடுத்தது பீர். நம்மவருக்கு நம்மவர் என்னும் ஏற்பாடு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. பின்னர் அம்முறை மாறியது. வழிநெடுகப் பொது மேசைகள் வந்தன. ஊர் மக்கள் அவற்றில் நின்று வருவோர் எல்லாருக்கும் கொடுத்தனர். இன்றைய விதிகளின்படி, போட்டியை நடத்துவோர் நிறுத்திய தொண்டரிடம் போட்டியாளர் தண்ணீர் வாங்கலாம். வேடிக்கை பார்க்க வந்த சொந்தக்காரரிடம் வாங்கினால் அது குற்றம். உறவினரின் தனிச் சலுகை விலக்கப்பட்டது. எல்லாருக்கும் பொதுவாக நிற்கும் அந்நியரின் கையே ஏற்கப்பட்டது. விளையாட்டு கற்றுக்கொண்ட இப்பாடத்தை, நல்ல சமாரியர் உவமையை ஆண்டுதோறும் கேட்கும் நாம் இன்னும் கற்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணிக்கென்றே தனியாக ஓர் ஆணை ஏட்டை வெளியிட்டது. உலகக் காரியங்களுக்கு நடுவில் நின்று அவற்றைப் புளிக்காரமாய் ஊடுருவுவது நமக்கே உரிய அழைப்பு என்பது அதன் சாரம். அவ்வேடு வெளிவந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நாமோ பொதுநிலையினர் பணி என்றால் பீடத்தைச் சுற்றிய பணி என்றே இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். புளிக்காரம் பாத்திரத்தின் ஓரத்தில் தனியே குவிந்திருந்தால் மாவு எப்படிப் பொங்கும்?

போட்டி நடத்துவோரையும் நாங்கள் சும்மா விடவில்லை. தொண்டு என்ற பெயரில் இலவசக் கூலியாட்களைத் தேடும் வழக்கம் பெருகிவருகிறது. எங்களுக்கு அடுத்த மேசையில் நின்ற கல்லூரி மாணவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கு அழைக்கப்பட்டவர்கள். பத்து மணிவரை அவர்களுக்குச் சிற்றுண்டியும் இல்லை, நிழலும் இல்லை. இறுதியில் ஒரு சான்றிதழ் மட்டும் உண்டு. எங்கள் பங்கிலிருந்து கொண்டுபோன இட்லியை அவர்களோடு பகிர்ந்துகொண்டோம். நடத்தியவர்களிடம் சென்று கேட்டும் விட்டோம்: கட்டணம் வாங்கி நடத்தும் நிகழ்ச்சியில் தொண்டருக்கு உணவும் நிழலும் கொடுப்பது தருமமன்று, கடமை, படகுக்காரருக்கு எண்ணெய்ச் செலவும் நாட்கூலியும் கொடுப்பதும் அவ்வாறே. அடுத்த முறை இவை எழுத்தில் தரப்பட்டால் வருவோம், இல்லையேல் வரமாட்டோம் என்றும் சொன்னோம். வெளியே சென்றதால்தான் இதைக் கேட்க முடிந்தது. உள்ளே இருந்து முணுமுணுப்பவர்களால் ஒரு மாணவருக்கும் ஓர் இட்லி கிடைத்திருக்காது.

இனி, குவளைகள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு. நெகிழி பூசிய காகிதக் குவளைகளும் அதில் அடங்கும். ஆகவேதான் கோயில் குவளைகளைக் கேட்டோம். கழுவிக் கழுவிக் கொடுத்தோம். கடற்கரையில் ஒரு குப்பையும் விழவில்லை. கோயில் பொருள் அந்நியர் வாய் பட்டுத் தீட்டாயிற்று என்ற எண்ணம் நம்மிடையே எங்கிருந்து வந்தது என்பதை நாம் அனைவரும் மண்டியிட்டுச் சிந்திக்க வேண்டும். தனிக்குவளைக் கொடுமையால் எத்தனையோ தலைமுறைகள் அவமானப்பட்ட மண் இது. அந்த மண்ணில், ஒரே குவளையில் யாரும் குடிக்கலாம் என்று ஒரு பங்கு மக்கள் சாலையோரம் நின்றது நற்செய்தி அறிவிப்பு அன்றோ? மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் ஒரு குவளைத் தண்ணீரைக்கூடக் கணக்கில் வைக்கிறது. நாமோ குவளையை மட்டும் கணக்கில் வைக்கிறோம்.

நேர வரம்பு முடிந்து, வளைவைக் கழற்றத் தொடங்கிய பிறகு ஓர் அம்மையார் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஓட முடியாமல் நடந்தே வந்தார். மற்ற மேசைகள் எடுக்கப்பட்டுவிட்டன. எங்களுடையது மட்டும் இருந்தது. இரண்டு குவளை குடித்தார். மூன்றாவதைக் கையில் வாங்கியபோது விளிம்பைத் திருப்பிப் பெயரைப் படித்தார். "கோயில் டம்ளரா? எனக்கும் குடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் எந்தச் சமயத்தவர் என்று எங்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு கேள்வியைக் கேட்கும்படி அவரைப் பழக்கியது யார் என்பது மட்டும் எங்களை உறுத்திக்கொண்டேயிருக்கிறது.

குறைந்த மூன்று குவளைகளுக்கு உரிய பணத்தைப் பங்குக் கணக்கில் செலுத்திவிட்டோம். காணாமற்போனவற்றைக் கண்டெடுத்துத் தருபவர் என்று நாம் நாள்தோறும் மன்றாடும் புனிதரின் பெயர் அவற்றில் இருக்கிறது. அவை எந்த வீட்டு அடுக்களையில் இருந்தாலும் பயன்படட்டும். அடுத்த போட்டி நடக்கும்போது மீண்டும் குவளைகளைக் கேட்போம். இம்முறை இருநூறும் வேண்டும். கேட்பவர் பன்னிரண்டு பேராக மட்டும் இருக்கக்கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள்.