ஆசிரியப் பயிற்சியும் நவீன சாதனங்களும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கருவிப் பஞ்சம் என்று முன்போல் ஒரேயடியாக முறையிடுவதற்கு இப்போது இடமில்லை. 2011-இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சாயிற்று. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பாகத் தொடங்கியது. பல பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் ஸ்மார்ட் வகுப்பறைகளும் அமைந்துவிட்டன. ஆனால், நாளைக்கு இவற்றையெல்லாம் கையாளப் போகிற பி.எட். மாணவரும் மாணவியும் தங்கள் கல்லூரியில் இவற்றை எவ்விதம் பயில்கிறார்கள் என்ற கேள்வியை, கருவிகளை வாங்கிக் குவிப்பதில் காட்டிய சிரத்தையில் கால்பங்கோடாவது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகளின்படி பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாயிற்று. பள்ளிகளில் செலவிட வேண்டிய காலம் 20 வாரங்களாக நீண்டது. தகவல் தொழில்நுட்பத்தை விமரிசன நோக்கோடு அறிந்துகொள்வதற்கென்றே ஒரு பகுதியும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. நோக்கம் உத்தமமானதே. ஆயினும் பல கல்லூரிகளில் அது நடைமுறைக்கு வந்த விதம் வேறு. கணினியின் பாகங்களை வரையறுத்து எழுதுவதும், பத்துப் பன்னிரண்டு பவர்பாயிண்ட் பக்கங்களைத் தயாரித்து அச்செடுத்து ரெக்கார்டில் ஒட்டுவதும், அந்த ரெக்கார்டுக்குக் கையெழுத்து வாங்குவதுமே தொழில்நுட்பப் பயிற்சி என்றாகிவிட்டது. முந்தின ஆண்டு மாணவரின் ரெக்கார்டு அடுத்த ஆண்டு மாணவரின் கைக்கு மாறும் பழைய வழக்கத்துக்கு, கேட்ட மாத்திரத்தில் பாடக்குறிப்பு எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது துணை சேர்ந்திருக்கின்றன.

இந்தப் பயிற்சியை ரெக்கார்டிலிருந்து மீட்டு, கணிதம், அறிவியல், தமிழ் முதலிய அந்தந்தப் பாடத்தின் கற்பித்தல் முறையோடு இணைத்து, பிள்ளைகள் முன்னிலையில் நடத்திக் காட்டும் பாடத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தை நடத்த வருகிற பயிற்சி ஆசிரியை ஒருவர், தேற்றத்தையும் நிரூபணத்தையும் அப்படியே தட்டச்சு செய்து திரையில் காட்டினால், பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதியதைத் திரையைப் பார்த்து எழுதுவார்கள். வேறு விசேஷம் ஒன்றுமில்லை. அவரே ஜியோஜீப்ரா செயலியில் ஓர் அரைவட்டம் வரைந்து, வளைவின் மேல் ஒரு புள்ளியை வைத்து, அதை விட்டத்தின் இரு முனைகளோடும் சேர்த்து, ‘புள்ளியை இந்தப் பக்கம் நகர்த்தினால் கோணம் கூடுமா, குறையுமா?’ என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு விடை சொல்லி வாதாடும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று, அதன்பிறகு நகர்த்துவாரானால், புள்ளி எங்கே போனாலும் 90 பாகை மாறாதிருப்பதைக் கண்ட வகுப்பு ‘ஏன் டீச்சர்?’ என்று தானே கேட்கும். கண்ணால் கண்டது நம்பிக்கையைத் தருமே தவிர நிரூபணம் ஆகாது என்பதைச் சொல்லி, திரையை அணைத்துச் சாக்பீஸை எடுத்து, வட்ட மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடிழுத்து, இரண்டு இருசமபக்க முக்கோணங்களைக் காட்டி அவர் நிரூபணத்துக்குப் போக வேண்டிய தருணம் அதுதான். எப்போது கேட்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது திரையை அணைப்பது என்கிற விவேகம் எந்தத் தாளிலும் எழுதி மதிப்பெண் வாங்கக்கூடியதன்று.

அறிஞர் உலகம் இதை அறியாததன்று. பாடப்பொருளை அறிவது வேறு, அப்பொருளை மாணவனுக்கு எட்டும்படி செய்யும் அறிவு வேறு என்று லீ ஷுல்மன் 1986-இல் எடுத்துக்காட்டினார். புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் அதனோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்து, இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும்போதே ஆசிரியருக்குப் பயன்படும் என்று விளக்கினார்கள். நாமோ கலந்திருக்க வேண்டியவற்றைப் பிரித்துத் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரித்திரமும் இதையே போதிக்கிறது. சலனப்படம் வந்துவிட்டதால் பள்ளிகளில் புத்தகத்துக்கு வேலையிராது என்று 1913-இல் ஆரூடம் சொன்னவர் தாமஸ் எடிசன். புத்தகம் இன்றும் இருக்கிறது. நம் நாட்டில் 1984-இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளை அனுப்பியது. பாடம் நடத்தும் ஆசிரியர்களைப் போதிய அளவு ஆயத்தப்படுத்தாமல் யந்திரங்களை முன்னால் அனுப்பியதால் அம்முயற்சி வேரூன்றாமற் போயிற்று.

நமது இந்த அபிப்பிராயத்துக்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். செல்போனோடு வளர்ந்த இந்தத் தலைமுறைக்குத் தனியே என்ன பயிற்சி என்பது ஒன்று. செல்போனில் சினிமா பார்க்கத் தெரிந்ததனாலேயே அதைக் கொண்டு நாற்பது பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கத் தெரிந்துவிடாது. கிராமப் பள்ளிகளில் மின்சாரமும் இணையமும் நிலையாக இல்லையே என்பது மற்றொன்று. இது நியாயமான கவலை. ஆனால் அது பயிற்சியைக் கைவிடுவதற்கன்று, பயிற்சியைத் திருத்துவதற்கே காரணமாக வேண்டும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோவில் தொடங்கிய ‘ஃபெட்’ பாவனைச் சோதனைகள் பல தமிழிலேயே கிடைக்கின்றன. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். அதற்கும் வழியில்லாத நாளில் அதே பாடத்தைக் கரும்பலகையில் நடத்துவது எப்படி என்பதையும் சேர்த்துக் கற்பவரே முழுப் பயிற்சி பெற்றவர். கல்வியில் தொழில்நுட்பத்தை யாருடைய நிபந்தனைகளின்படி ஏற்பது என்று யுனெஸ்கோ தனது 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் எழுப்பிய வினாவுக்கு, ஆசிரியரின் நிபந்தனைப்படி என்று விடையிறுக்க வேண்டுமானால், நிபந்தனை விதிக்கத் தெரிந்த ஆசிரியர்களை முதலில் உருவாக்க வேண்டும்.

ஆகவே, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் அரசும் மூன்று காரியங்களைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். முதலாவது, தொழில்நுட்பத்துக்குரிய மதிப்பெண்களில் பெரும்பங்கை ரெக்கார்டிலிருந்து எடுத்து, கற்பித்தல் பயிற்சியின்போது வழிகாட்டி ஆசிரியர் பார்வையிடும் நேரடிப் பாடங்களுக்கு அளிப்பது. அவற்றுள் ஒன்று, கருவி ஏதுமின்றி நடத்தப்படுவதாக இருக்கட்டும். இரண்டாவது, பழுதாகிவிடும் என்ற அச்சத்தால் பயிற்சி மாணவர்களுக்குப் பள்ளியின் ஸ்மார்ட் வகுப்பறைச் சாவியைத் தர மறுக்கும் வழக்கத்துக்கு உத்தரவு மூலம் முடிவு கட்டுவது. மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர்கள் தங்கள் வகுப்புகளையே இந்தச் சாதனங்களைக் கொண்டு நடத்தும்படி அவர்களுக்குப் பயிற்சியளிப்பது. ஏனெனில், தாம் மாணவராக இருந்தபோது கண்ட முறையில்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் பிற்பாடு பாடம் நடத்துகிறார்கள்.

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. கருவிகள் ஏற்கெனவே பள்ளிகளில் இருக்கின்றன. அடுத்த கல்வியாண்டின் கற்பித்தல் பயிற்சிக்கு மாணவர்கள் பள்ளிகளுக்குப் புறப்படுமுன் மதிப்பீட்டு விதியைத் திருத்தி ஆணை பிறப்பிக்கலாம். அதைச் செய்யாமல் மேலும் மேலும் கருவிகளை வாங்கிக்கொண்டிருப்பது பொதுப்பணத்தை விரயம் செய்வதே ஆகும்.