பெரிய ரயருக்கு முன்னர் பிறேக்கைப் பாருங்கள்

இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. கதவு திறந்தாலும் வாசலில் வரி என்ற காவலாளி நிற்கின்றபடியால், சாதாரண வருமானம் உடையவர் புதிய ஜீப் ஒன்றை எட்டிப் பார்க்கவும் இயலாது. எனவே வளவின் மூலையில் கோழி அடைந்து கிடந்த பழைய ஜீப்புகளுக்கும், தோட்டக் கொட்டகைகளில் கைவிடப்பட்டிருந்த லாண்ட் றோவர்களுக்கும் இந்த ஐந்தாண்டு காலத்தில் மறுபிறவி கிடைத்தது. அவற்றை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே வைத்துக் கழற்றிப் பூட்டும் இளைஞர்களை வன்னியிலும் மலையகத்திலும் இன்று பரவலாகக் காண்கின்றோம்.

இது வரவேற்கத்தக்க விடயம். கைபேசித் திரையில் விரல் ஓட்டுவதை விட, கையில் ஸ்பனர் பிடிப்பது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்று என்னை உறுத்துகின்றது. இந்த வேலைகள் பெரும்பாலும் தலைகீழாகவே தொடங்குகின்றன. முதலில் பெரிய ரயர், பின்னர் கூரையில் வரிசையாக விளக்கு, முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு, அதன் பின்னர் வலுக் கூடிய ஜப்பானிய எஞ்சின். பணம் எஞ்சினால் பிறேக். பணம் எஞ்சுவதில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய வாகனத்தைத் திருத்துவதும் மேம்படுத்துவதும் இரு வேறு வேலைகள். முதலாவது முடியாமல் இரண்டாவதைத் தொடக்கூடாது. நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். எளிய விடயம்தான். ஆயினும் இதைச் சொல்வதற்குக் காரணங்கள் உள்ளன.

லாண்ட் றோவரையே உதாரணமாக எடுத்துக்கொள்கின்றேன். இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை வேல்ஸ் தேசத்தின் ஆங்கிள்சித் தீவிலிருந்த தனது பண்ணையில் பயன்படுத்தி வந்த மொறிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளரின் சிந்தனையில் பிறந்தது அது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமானது. போருக்குப் பின்னர் பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு இருந்தபடியால், உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். தகடுகள் பெரும்பாலும் தட்டையானவை. ஆணி கழற்றினால் தனித்தனியாகக் கையோடு வரும். எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடமுண்டு. கணினி கிடையாது. விவசாயி தானே திருத்திக்கொள்ளக்கூடிய வாகனமாகவே அது உருவாயிற்று. முற்றத்தில் திருத்துவதற்கு இதைவிட இணக்கமான வாகனம் அரிது.

ஆனால் இந்த அலுமினிய உடலே வாங்குபவரின் கண்ணையும் மறைக்கின்றது. உடல் கறள் பிடிப்பதில்லை. உள்ளே அதைத் தாங்கி நிற்கும் சசி உருக்கால் ஆனது, அது பிடிக்கும். பெட்டி வடிவான அந்தச் சட்டம் உட்புறமிருந்து அரிக்கப்படும்போது வெளியே வர்ணம் மினுங்கிக்கொண்டிருக்கும்.

வன்னியில் வயல் செய்யும் எனது மருமகன் இரண்டு வருடங்களுக்கு முன்னர் 1970களின் லாண்ட் றோவர் ஒன்றை வாங்கினான். விற்றவர் புது வர்ணம் பூசி, இருக்கைக்கு உறையும் தைத்துக் கொடுத்திருந்தார். வண்டி வந்த மறுநாளே, "மாமா, முதலில ரயரை மாத்துவம். பெரிசு போட்டால்தான் சேத்துக்குள்ள இறங்கலாம்" என்றான். "தம்பி, இறங்கிறதைப் பிறகு பாப்பம். நிக்குமோ எண்டு முதலில பாப்பம்" என்றேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் முப்பது வருடமாகச் செய்தி எழுதியவன் என்ற வகையில், வெளிப்பூச்சைக் கண்டால் உள்ளே தட்டிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அயலிலிருந்த மூத்த மெக்கானிக் ஒருவர் வந்து, சிறிய சுத்தியலால் சசியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். அரித்த இரும்பு பொத்தென்று கேட்கும். பின்புற வில்லுத்தகட்டைத் தாங்கும் இடத்தில் பொத்தென்றது. தடித்த கறுப்புப் பூச்சைச் சுரண்டியபோது, ஓட்டையின் மேல் மெல்லிய தகடு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது தெரிந்தது. பின் சில்லுகளைக் கழற்றினால், பிறேக் சிலிண்டரின் றப்பர் கசிந்து உள்ளே எல்லாம் ஒயிலாகிக் கிடந்தது. இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பிறேக் குழாய் ஒற்றைச் சுற்றாகவே அமைந்திருக்கும். ஓரிடத்தில் குழாய் விட்டால் நான்கு சில்லிலும் பிறேக் போய்விடும். அந்த நிலையில் பெரிய ரயரைப் பூட்டிச் சேற்றில் இறக்கியிருந்தால் சேறு மன்னித்திருக்கும். நெல் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் ஓடியிருந்தால் வீதி மன்னித்திராது.

பெரிய ரயரில் என்ன குற்றம் என்று கேட்பவர்களுக்காகச் சிறு கணக்கு ஒன்று. ரயரின் விட்டம் பத்து சதவீதம் கூடினால், வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 66இல் ஓடும். அதே அளவுக்குப் பிறேக்கை மிதித்தாலும், வீதியில் பிடிக்கும் வலு சுமார் ஒன்பது சதவீதம் குறையும். ஓடும் வேகம் கூடுகின்றது; நிறுத்தும் வலு குறைகின்றது; கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் முள் இரண்டையும் மறைக்கின்றது. வண்டியை உயர்த்துவதற்காக வில்லுத்தகட்டின் கொளுவியை நீளமானதாக மாற்றுவது இன்னொரு வழக்கம். செலவு குறைவுதான். ஆனால் முன் அச்சின் சாய்வு மாறுவதால் ஸ்ரியறிங் நேராக நில்லாமல் அலையத் தொடங்கும். அச்சு கீழே தொங்கும்போது பழைய பிறேக் குழாய் எட்டாமல் இழுபடும். பாரம் மேலே ஏறுவதால் வளைவில் கவிழும் அபாயமும் கூடும்.

எஞ்சின் மாற்றமும் இவ்வாறானதே. பழைய லாண்ட் றோவரின் 2286 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மெதுவானது. ஆனால் கியர்பெட்டி, பின் அச்சுத்தண்டு, பிறேக் எல்லாம் அந்த மெதுவுக்குப் பொருத்தமாக அமைந்தவை. அங்கே இரு மடங்கு வலுவான எஞ்சினை இருத்தினால், அந்த வலு தன் வழியிலுள்ள மெலிந்த கண்ணியைத் தேடிப் போய் உடைக்கும். பின் அச்சுத்தண்டு உடைவதுதான் இவ்வண்டிகளின் பழைய வியாதி.

வாகனத்தில் எதையும் மாற்றக் கூடாது, பிறந்த மேனியாகவே வைத்திருக்க வேண்டும் என்று வாதிடுபவர்களும் உள்ளனர். நான் அந்தக் கட்சியும் அல்லன். வாகனம் நூதனசாலைப் பொருளன்று, உழைக்க வேண்டியது. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவருக்கும் இது தெரியும். 1990இன் பின்னர், பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் உதிரிப்பாகமும் பற்றரியும் வராத வருடங்களில், ஏ 40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்றபடியால் அது சாத்தியமாயிற்று. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும் என்பதும் அந்த மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் செய்ததும் மாற்றம்தான். ஆனால் எந்த இயந்திரம் எதைத் தாங்கும், எங்கே அதன் எல்லை என்று அறிந்து செய்தார்கள். தேவை அவர்களுக்கு ஆசிரியராக இருந்தது. இன்று பலருக்கு யூரியூப் காணொளி ஆசிரியராக இருக்கின்றது. காணொளியில் வண்டி மலையேறுவதைக் காட்டுவார்கள்; இறங்குவதைக் காட்டுவது குறைவு.

அப்படியானால் பயனுள்ள மேம்பாடு எது? சசியும் பிறேக்கும் ஸ்ரியறிங்கும் சரியான பின்னர் செய்யத்தக்கவை பல உண்டு. ஒற்றைச் சுற்றுப் பிறேக்கை இரட்டைச் சுற்றாக்குவது, பிறேக் மிதிக்கு உதவும் சேர்வோ பூட்டுவது, மூன்று புள்ளி ஆசனப்பட்டி போடுவது, காய்ந்து வெடித்த வயர்களை முற்றாக மாற்றி ஒவ்வொரு விளக்குக்கும் பியூஸ் வைப்பது ஆகியவை முதல் வரிசை. இவற்றில் எதுவும் புகைப்படத்தில் தெரியாது. அதனாலேயே எவரும் முந்துவதில்லை. நான்கு சில்லு இழுவையைக் காய்ந்த தார் வீதியில் போட்டு ஓடக்கூடாது என்ற அறிவும் ஒரு மேம்பாடுதான்; நடுவில் டிபரன்ஷியல் இல்லாத இவ்வண்டிகளில் அது பற்சக்கரங்களை முறுக்கித் தின்றுவிடும். இந்த அறிவுக்குச் செலவில்லை.

முற்றத்தில் வேலை செய்பவர்களுக்கு மூன்று வார்த்தை. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுக்காதீர்கள். உறுதியான தாங்கி வையுங்கள். பழைய பிறேக் சப்பாத்தில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும்; அந்தத் தூசை ஊதிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெற்றோல் தாங்கி வெறுமையாக இருக்கின்றது என்று நினைத்து அதில் வெல்டிங் வைக்காதீர்கள். திரவம் போனாலும் ஆவி உள்ளே இருக்கும், அதுவே வெடிக்கும்.

இனி அரசாங்கத்தின் பங்கு. இலங்கையில் ஆண்டுதோறும் வாகன வரி அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். நல்லது. ஆனால் அந்தப் பரிசோதனை புகையைப் பார்க்கும், பிறேக்கைப் பார்க்காது. சுத்தமான புகையோடு பள்ளத்தில் பாயலாம். பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து நாற்பது வயது கடந்த வாகனங்களுக்கு வருடாந்தப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு; ஆனால் பெரிய மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தால் விலக்கு இல்லை. ஜேர்மனியில் முப்பது வயது கடந்த வாகனம் அசல் நிலையில் இருந்தால், இலக்கத் தகட்டின் இறுதியில் 'எச்' என்ற எழுத்தைத் தந்து கௌரவிக்கின்றார்கள். பரிசோதகர் ஒப்பமிடாமல் அந்த எழுத்து வராது. மாற்றாதவனை நம்புகின்றார்கள், மாற்றியவனைப் பரிசோதிக்கின்றார்கள். இங்கேயும் பழைய வாகனங்களுக்குப் பிறேக்கையும் சசியையும் பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்றை மாவட்டந்தோறும் ஏற்படுத்துவது இயலாத காரியமல்ல. தண்டிப்பதற்காக அல்லாமல், என்ன திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதற்காக அது அமைய வேண்டும்.

அதைவிட அவசரமானது இன்னொன்று. சுத்தியலால் தட்டிச் சசியின் நோயைச் சொன்ன அந்த மெக்கானிக்குக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அவரிடம் வேலை பழகிய பையன்கள் பலர் கடல் கடந்து போய்விட்டார்கள். டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்சாங் என்ற சிற்றூரில், 1950களின் லாண்ட் றோவர்கள் இன்றும் பயணிகளை ஏற்றிக்கொண்டு 3636 மீற்றர் உயரமான சந்தக்பூவுக்கு ஏறுகின்றன. ஓட்டுநர்களே அவற்றைத் திருத்துகின்றார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வண்டி மட்டும் அன்றி, கைவேலையும் போகின்றது. நம்மிடம் வண்டிகள் எஞ்சியிருக்கின்றன, கைவேலை போய்க்கொண்டிருக்கின்றது. நமது தொழில்நுட்பக் கல்லூரிகள் இந்த முதியவர்களை ஆறு மாதத்துக்காவது அழைத்து, மாணவர் முன் நிறுத்தினால் என்ன?

மருமகனின் வண்டிக்குச் சசியில் ஒட்டு வேலை முடிந்தது, பிறேக் முழுவதும் புதிதாயிற்று. செலவு அவன் ரயருக்கு ஒதுக்கியிருந்த தொகையை விழுங்கிவிட்டது. பழைய அளவு ரயரோடுதான் வயலுக்குப் போய் வருகின்றான். இரண்டு மாரி கழிந்துவிட்டது; சேற்றில் புதைந்ததாகத் தகவல் இல்லை.

வெளிநாட்டில் வாழும் வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. ஊரிலுள்ள தம்பிமாரின் பழைய ஜீப்புக்குப் பணம் அனுப்புபவர்களும், பயணப்பெட்டியில் உதிரிப்பாகம் கொண்டு வருபவர்களும் நீங்கள்தான். அடுத்த முறை கூரை விளக்குக்கும் பெரிய ரயருக்கும் பட்டியல் வந்தால், பிறேக் சிலிண்டர் எப்போது மாற்றியது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், அந்தப் பெட்டியில் முதலில் எதை வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.